போட்ட கணக்கும் போடாத கணக்கும்

மனிதன் சோறின்றிச் சில வாரங்கள் வாழ்ந்துவிடலாம். நீரின்றிச் சில நாட்கள் தாக்குப் பிடிக்கலாம். மூச்சின்றிச் சில நிமிடங்களுக்கு மேல் வாழ இயலாது. காரின் எஞ்சினும் அப்படியே. பெட்ரோலைப் பற்றிப் பேசுகிறோம். அதன் விலையை எண்ணிப் புலம்புகிறோம். ஆனால் ஒரு லிட்டர் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழப் பத்தாயிரம் லிட்டர் காற்று வேண்டும் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? எரிபொருளுக்குக் காசு கொடுக்கிறோம். காற்றோ இலவசம். இலவசமாகக் கிடைப்பதைப் பற்றி யார் கவலைப்படுகிறார்கள்?

கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், நண்பர்களே! பெங்களூர் ஜே. சி. ரோட்டிலே, உதிரிப் பாகக் கடைகளின் முன்னே கூடும் இளைஞர்களைப் பாருங்கள். ‘டர்போவின் அழுத்தத்தைக் கூட்டலாமா? காற்றுக் குழாயை எங்கே வைக்கலாம்? எஞ்சின் கணிப்பொறியை ரீமேப் செய்தால் எத்தனை குதிரைச் சக்தி ஏறும்?’ என்று அவர்கள் வினவுவதைக் கேளுங்கள். அந்தக் கூட்டத்தில் நம் தமிழ் மாணவர்களும் உண்டு. சென்ற ஆண்டு நானும் அங்கே நின்றேன். நின்றதோடு அமையாமல், யோசனையும் சொன்னேன். அந்த யோசனை என்ன ஆயிற்று என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

வண்டியைத் திருத்துவது குற்றம் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. யந்திரத்தைப் பிரித்துப் பார்க்கும் ஆசை இல்லாத நாட்டில் விஞ்ஞானம் வளராது. ஆனால், ஒரு பொருள் ஏன் அங்கே வைக்கப்பட்டது என்று கேளாமல் அதனை இடம் மாற்றுவது விஞ்ஞானம் ஆகாது. அது வெறும் துணிச்சல். என் கருத்து இவ்வளவே. இனி அதற்குக் காரணம் கூறுகிறேன்.

நான் பௌதிகம் பயிலும் முதுகலை மாணவன். சொந்த ஊர் தூத்துக்குடி. கடலோரத்தில் பிறந்தவன், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ள இந்நகருக்குப் படிக்க வந்தேன். இங்கே நம் ஊரைவிடக் குளிர்ச்சி அதிகம் என்பது வந்த அன்றே தெரிந்துவிடும். காற்றின் அழுத்தம் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு குறைவு என்பது உடனே தெரியாது; நம் நுரையீரல் அதனைப் பொருட்படுத்துவதில்லை. எஞ்சின் பொருட்படுத்துகிறது. அழுத்தம் குறைந்தால் காற்று இளைக்கிறது, காற்று இளைத்தால் எரிக்கக்கூடிய எரிபொருளும் குறைகிறது, சக்தியும் குறைகிறது. குளிர்ச்சி இந்த நட்டத்தில் ஒரு சிறு பகுதியை ஈடு செய்கிறது. முழுவதையும் அன்று.

இந்த நட்டத்தை ஈடு செய்யக்கூடிய கருவிதான் டர்போ. எஞ்சின் வெளியேற்றும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழல்கிறது. அதே அச்சில் பூட்டிய இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வீணாகப் போகும் புகையைக் கொண்டே மூச்சை வலுப்படுத்தும் இந்தத் தந்திரத்துக்கு ஸ்விட்சர்லாந்தின் ஆல்பிரெட் பியூகி 1905இல் உரிமை பெற்றார். 1918இல் அமெரிக்காவின் சான்போர்டு மாஸ், லிபர்டி என்னும் விமான எஞ்சினை ஏறத்தாழ 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையுச்சிக்குக் கொண்டு சென்று சோதித்தார். கீழே 350 குதிரைச் சக்தி தந்த எஞ்சின் அம்மலைமேல் 230 மட்டுமே தந்தது. டர்போவைப் பூட்டியதும் 356 தந்தது. மலை பறித்ததை டர்போ மீட்டுத் தந்தது! இதைப் படித்த நாளில் எனக்கு உறக்கம் வரவில்லை என்றால் மிகையன்று.

என் அறைத் தோழர் என்னைவிட நான்கு வயது மூத்தவர், விருதுநகர்க்காரர், இங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை. அண்ணன் என்றே அழைப்பேன். மூன்றாண்டு சேமிப்பில் அவர் ஒரு பழைய டீசல் காரை வாங்கினார். ஏறக்குறைய 1,250 கன சென்டிமீட்டர், நான்கு சிலிண்டர், டர்போ உண்டு. “தம்பி, எடுத்த எடுப்பில் வண்டி சோம்பலாக இருக்கிறதே, ஏன்?” என்று ஒரு நாள் கேட்டார். டர்போ நன்றாகச் சுழலத் தொடங்கும் வரை எஞ்சின் வெறும் வெளிக்காற்றையே நம்பியிருக்கிறது. அந்த வெளிக்காற்று இந்நகரில் மெலிந்தது. ஆகவே சோம்பல் என்றேன். அவர் முகத்திலே வியப்பு. என் மனத்திலே பெருமை.

பெருமை அதோடு நிற்குமா? தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். பானெட்டுக்குள்ளே காற்று 60 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெளியே 25 டிகிரி. அதே அழுத்தத்தில் சூடான காற்று, குளிர்ந்த காற்றைவிடப் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலேயே இளைத்தது. “அண்ணே, பெங்களூரின் உயரம் பறிப்பதும் பத்தில் ஒரு பங்கு, குளிர்ந்த காற்று தரப் போவதும் பத்தில் ஒரு பங்கு. குழாயைப் பானெட்டுக்கு வெளியே கொண்டு போனால் போதும்!” என்றேன். எவ்வளவு அழகான கணக்கு! இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாகிவிட்டால் மாணவனுக்கு வேறென்ன வேண்டும்?

ஒரு கடையில் வேலை முடிந்தது. பழைய ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றினார்கள். கூம்பு வடிவப் பில்டர் ஒன்றைக் குழாயின் நுனியில் மாட்டி, முன் பம்பருக்குப் பின்னே தாழ இறக்கினார்கள். தரையிலிருந்து அது ஒரு சாணுக்குச் சற்று மேலே இருந்தது. கணிப்பொறியில் வேறெங்கோ தயாரான ஒரு ரீமேப்பும் ஏறியது. வண்டியின் குரல் மாறியது. காற்றை இழுக்கும்போது சீறியது. ஆக்சிலேட்டரை விட்டால் பெருமூச்சு விட்டது. “வேகம் கூடிவிட்டது” என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம். அளந்து பார்த்தோமா? இல்லை. காது சொன்னதை மூளை ஏற்றுக்கொண்டது.

பிறகு மழை வந்தது. சென்ற ஆண்டு செப்டம்பரில் ஒரு மாலை. வெளிவட்டச் சாலையை ஒட்டிய ஒரு சுரங்கப் பாதை. முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். எங்களுக்கு முன் சென்ற அதே மாதிரிக் கார், மாற்றம் எதுவும் செய்யாத கார், மெல்ல ஊர்ந்து கரையேறிற்று. நாங்களும் இறங்கினோம். பாதி வழியில் எஞ்சின் ஒரு முறை குலுங்கி நின்றது. அண்ணன் மறுபடியும் சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்று ஓர் ஓசை. அவ்வளவுதான்.

அந்த ஓசையின் பொருளை மறுநாள்தான் கணக்கிட்டேன். அந்த எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு சற்றேறக்குறைய 312 கன சென்டிமீட்டர். பிஸ்டன் மேலே ஏறி முடிக்கும்போது காற்று பதினேழில் ஒரு பங்காகச் சுருங்குகிறது என்றால், எஞ்சும் இடம் 20 கன சென்டிமீட்டருக்கும் குறைவு. அதாவது நான்கு தேக்கரண்டி! அதற்கு மேல் நீர் புகுந்துவிட்டால் பிஸ்டன் மேலே ஏற வழியில்லை. காற்று சுருங்கும், நீர் சுருங்காது. அப்போது எது வளையுமோ அது வளைகிறது. கனெக்டிங் ராடுகள் இரண்டு வளைந்திருந்தன. நிமிடத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் காற்றை உறிஞ்சும் வாயை, தேங்கிய நீரின் மட்டத்துக்குக் கீழே வைத்துவிட்டு, நாலு தேக்கரண்டி நீர் புகாது என்று நம்பினோமே! குளிர்காற்றைத் தேடிச் சென்றவன் நான். அந்தக் குளிர்காற்றுக்கு அடியிலே சாலை இருக்கிறது, சாலையிலே மழைநீர் தேங்கும் என்பதை என் கணக்கில் எங்குமே எழுதவில்லை.

எஞ்சினைப் பிரித்த மெக்கானிக் வயதானவர். மூன்று தலைமுறையாகப் பெங்களூரிலேயே வாழும் தமிழர். பழைய பில்டர் பெட்டியைக் கையில் எடுத்து எனக்குக் காட்டினார். அதன் வாய் ஹெட்லைட்டுக்குப் பின்னே, பானெட்டின் மேல் விளிம்பை ஒட்டி இருந்தது. கீழே நீர் வடிய ஒரு துளை. பக்கத்திலே இரைச்சலை அடக்க ஓர் அறை. “தம்பி, மூக்கை இங்கே வெச்சவன் முட்டாள்னு நெனைச்சியா?” என்று கேட்டார். எம்.எஸ்ஸி. மாணவனிடம் பதில் இல்லை.

எண்பதினாயிரம் ரூபாய் ஆயிற்று. நீர் புகுந்து எஞ்சின் கெடுவது பெரும்பாலும் சாதாரணக் காப்பீட்டில் அடங்குவதில்லை. அதற்கெனத் தனிச் சேர்க்கை வாங்கியிருக்க வேண்டும். அண்ணன் வாங்கவில்லை. விருதுநகரிலிருக்கும் அவருடைய தாயாருக்கு மாதந்தோறும் போய்க்கொண்டிருந்த பணம் ஐந்து மாதம் பாதியாகச் சுருங்கியது. அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. ஓர் இரவு மட்டும், விளக்கை அணைத்த பிறகு, “கணக்கு சரியாத்தானே போட்ட, தம்பி?” என்றார். அந்தக் கேள்விக்காகத்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

கணக்கு சரிதானா? வண்டி திரும்பி வந்ததும், பழைய பெட்டி பழைய இடத்தில் ஏறியதும், எஞ்சின் கணிப்பொறியோடு இணைக்கும் ஒரு சிறு கருவியை இரவல் வாங்கி அளந்தேன். வெளியே 26 டிகிரி. நெரிசலில் வண்டி நின்றபோது உள்ளே புகும் காற்று 47 டிகிரி வரை ஏறியது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நிமிடம் ஓடியதும் 30 டிகிரிக்கு இறங்கிவிட்டது. ஏனெனில், பழைய குழாயின் வாய் முன்பக்கக் காற்றைத்தான் ஏற்கெனவே குடித்துக்கொண்டிருந்தது! நான் தாளில் எழுதிய 60 டிகிரி, ஓடும் வண்டியில் இல்லவே இல்லை. மிச்சமிருந்த நான்கு டிகிரியால் விளையும் வேறுபாடு நூற்றில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. டர்போ எஞ்சினிலோ அதுவும் கரைந்துவிடுகிறது. வெளிக்காற்று சற்றுச் சூடாக இருந்தாலும், டர்போ அதனை அழுத்திய பிறகு இன்டர்கூலர் அதனைக் குளிர்விக்கிறது. எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைக் கணிப்பொறி தீர்மானிக்கிறது. ஆக, எண்பதினாயிரம் ரூபாய் கொடுத்து நாங்கள் வாங்கியது சீறும் ஓசை ஒன்றைத்தான்.

ரீமேப் விஷயத்திலும் இதே பாடம் உண்டு. டர்போ சென்னையில் எஞ்சினுக்கு 2 பார் அழுத்தம் தர வேண்டுமானால், வெளிக்காற்றை இரு மடங்காக அழுத்தினால் போதும். பெங்களூரில் வெளிக்காற்றே 0.9 பார் அளவுதான். ஆகவே 2.2 மடங்கு அழுத்த வேண்டும். அதற்கு டர்போ இன்னும் விரைவாகச் சுழல வேண்டும். சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு இரண்டு இலட்சம் சுற்றுகளைத் தொடுகின்றன என்பதை மறவாதீர்கள். அழுத்தினால் காற்று சூடேறும். டர்போவின் திறன் நூற்றுக்கு எழுபது என்று கொண்டால், 27 டிகிரிக் காற்று இரு மடங்கு அழுத்தத்தில் ஏறத்தாழ 120 டிகிரிக்கும், 2.2 மடங்கில் 135 டிகிரிக்கும் ஏறுகிறது. கடலோர நகரில் எழுதிய ரீமேப்பை மேட்டு நகரில் ஏற்றும்போது, இந்தக் கூடுதல் ஓட்டத்தையும் கூடுதல் வெப்பத்தையும் யார் கணக்கில் சேர்த்தார்கள்? ‘தொழிற்சாலைக்காரன் சக்தியை ஒளித்து வைத்திருக்கிறான்’ என்பார்கள். ஒளித்து வைக்கவில்லை, நண்பர்களே, சேமித்து வைத்திருக்கிறான். கெட்ட டீசலுக்காக, கோடை நண்பகலுக்காக, மலை ஏற்றத்துக்காக, எஞ்சினின் முதுமைக்காக வைத்த சேமிப்பு அது.

சிலர் கேட்பார்கள்: “வண்டி என்னுடையது, பணம் என்னுடையது, உனக்கென்ன?” நியாயமான கேள்விதான். ஆனால் சாலை உம்முடையது மட்டும் அன்று. 2023 மே 21 அன்று இதே நகரில், கே. ஆர். வட்டத்துச் சுரங்கப் பாதையின் வெள்ளத்தில் சிக்கிய ஒரு காரிலிருந்த இளம்பெண் மூழ்கி உயிர் நீத்தார். அந்தக் கார் யாரும் திருத்தியது என்று நான் கூறவில்லை. வெள்ளத்தில் நின்றுபோன வண்டி எத்தனை விரைவில் பொறியாகிவிடும் என்பதையே சொல்கிறேன். அன்று எங்கள் வண்டியின் பின் இருக்கையில் அண்ணனின் நண்பரும் அவருடைய ஆறு வயது மகளும் இருந்தார்கள். தண்ணீர் ஏறாமல் நின்றது எங்கள் அறிவால் அன்று.

சட்டமும் சும்மா இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்திற்று. அதே ஆண்டுத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்க வழி செய்தது. எஞ்சினின் மூச்சைத் திருத்தினால் புகையும் மாறும். அந்தப் புகையைக் குடிப்பவர்கள் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் நாம்தாம்.

அப்படியானால் ஆசையை அடக்கிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. ஆசைக்கு இடம் உண்டு. அந்த இடம் பொதுச் சாலை அன்று. கோவையின் எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில், மாருதி 800 எஞ்சினைக் கொண்டே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். அவற்றை அவர் ஓடவிட்டது பந்தயத் தடத்திலே. அவர் பெயரைத் தாங்கிய கோவைத் தடத்தில் இன்று பார்முலா பாரத் போட்டி நடக்கிறது. கல்லூரி மாணவர்கள் தாமே வடிவமைத்த கார்களோடு வருகிறார்கள். இப்பெங்களூரிலேயே ஆர். வி. பொறியியற் கல்லூரி மாணவர்கள் அஷ்வா ரேசிங் என்ற குழுவை நடத்துகிறார்கள்.

அத்தகைய போட்டிகளில் ஒரு விதி என்னை மிகவும் கவர்ந்தது. பெட்ரோல் எஞ்சின் குடிக்கும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளை வழியாகத்தான் போக வேண்டும். டர்போ வைக்கலாம், ஆனால் துளை துளைதான். அந்த இடுக்கில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், எவ்வளவு உறிஞ்சினாலும் நொடிக்கு ஏறத்தாழ 75 கிராமுக்கு மேல் நுழையாது. சக்தியைக் கூட்டுவது எளிதன்று. கிடைத்த மூச்சை வீணாக்காமல் பயன்படுத்துவதே திறமை. வரம்பு கட்டிக்கொண்டு சிந்திக்கும் இந்தப் பயிற்சிக்கு முன்னே, வரம்பின்றிச் சீறும் வண்டி எம்மாத்திரம்?

‘எங்களுக்குக் காரே இல்லையே’ என்று நம் மாணவர்களில் பெரும்பாலோர் சொல்வது காதில் விழுகிறது. ஸ்கூட்டர் இருக்கிறதல்லவா? மோட்டார் சைக்கிள் இருக்கிறதல்லவா? அவற்றுக்கும் மூக்கு உண்டு. அது எங்கே இருக்கிறது என்று உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த மழைக்காலம் தொடங்கு முன், ஒரு சனிக்கிழமை மாலை, பேச்சுப் போட்டி ஒன்றைக் குறைத்துக்கொண்டு, வண்டிகளை விடுதி முற்றத்தில் நிறுத்துவோம். ஒவ்வொருவரும் தம் வண்டியின் காற்று வாய் தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று நாடா பிடித்து அளந்து எழுதிக்கொள்ளட்டும். நீர் அந்த உயரத்தை நெருங்கினால் இறங்காதே. இறங்கி எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி சாவியைத் திருப்பாதே. வண்டியை விட்டு மேட்டுக்கு ஏறு. இந்த மூன்று பாடங்களுக்கும் அரை மணி நேரம் போதும். அந்தப் பழைய பில்டர் பெட்டியை நான் கொண்டு வருகிறேன்.

அண்ணனுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இந்த இதழ் அவர் கைக்குப் போகும். ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன். போட்ட கணக்கு சரிதான், அண்ணே. போடாத கணக்குத்தான் நம்மைக் கவிழ்த்தது. பெருக்கலும் வகுத்தலும் எனக்குத் தெரிந்திருந்தன; ‘இது ஏன் இங்கே இருக்கிறது?’ என்று கேட்கத் தெரியவில்லை. அடுத்த முறை ஸ்பானரை எடுக்கும் முன் அந்தக் கேள்வியை முதலில் கேட்பேன்.